பெண்கள் ஃப்ரட்டர்னிட்டி தேர்தல் முடிந்தது: புதிய பொறுப்பாளர்களை எப்படி அறிமுகப்படுத்தலாம்?

வாசுகி_ஒஹையோ

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் நம் குழுப் பெற்றோர்கள் சிலருக்கு இந்த வாரம் ஒரு போன் வந்திருக்கும், "அம்மா, எனக்கு சாப்டர்ல போஸ்ட் கிடைச்சிருக்கு" என்று. பெண்கள் ஃப்ரட்டர்னிட்டிகளின் (கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த மாணவியர் சங்கங்கள்) கல்லூரிச் சாப்டர்களில், அதாவது கிளைகளில், நிறைய இடங்களில் நவம்பர்தான் தேர்தல் மாதம். ஜனவரியில் பொறுப்பேற்பார்கள், டிசம்பர் வரை இருப்பார்கள். நான் இங்கே படித்தபோது உறுப்பினராகச் சேர்ந்தவள், இப்போது ஒரு சாப்டருக்கு ஆலோசகராக இருக்கிறேன். எந்தச் சாப்டர் என்பது இங்கே வேண்டாம்.

விஷயம் இதுதான். தேர்வான பெண்களைப் பெற்றோருக்கும் பழைய உறுப்பினர்களுக்கும் அறிமுகப்படுத்தி நான் பேச வேண்டும். இதற்கு முன்னால் நடந்த அறிமுகங்களைக் கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. தலைவராக வந்த பெண்ணைப் பற்றி "எப்போதும் சிரித்த முகம், காபி இல்லாமல் பார்க்க முடியாது", பொருளாளரைப் பற்றி "நாய்க்குட்டி என்றால் உயிர்", அவ்வளவுதான், கைதட்டல், அடுத்த பெயர். அந்தப் பொருளாளர் கையில் அடுத்த வருஷம் எவ்வளவு பணம் போகப்போகிறது என்று அந்த அறையில் இருந்த எந்த அப்பாவுக்கும் தெரியாது. நூறு பேருக்கு மேல் இருக்கிற சாப்டர் என்றால் உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் சாப்டர் வீட்டின் வாடகை, சாப்பாடு, சந்தா, காப்பீடு எல்லாம் சேர்த்து லட்சக்கணக்கான டாலர் வரும், அதை இருபது வயதுப் பெண் ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள், அவளை நாய்க்குட்டியோடு நிறுத்திவிட்டோம்.

அந்தப் பதவி என்ன செய்யும், எதை முடிவு செய்யும், யாருக்குப் பதில் சொல்லும், இதைச் சொல்வதுதான் அறிமுகம் என்பது என் எண்ணம். உங்கள் பிள்ளைகள் இதில் இருந்தால், அல்லது நீங்களே இருந்திருந்தால், என்ன கேட்க விரும்புவீர்கள் என்று எழுதுங்கள்.

கார்த்திக்_பிளேனோ

அக்கா, முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. ஃப்ரட்டர்னிட்டி பையன்களுக்கு, சொரோரிட்டி பெண்களுக்கு என்றுதானே சொல்வார்கள்? ஆனால் என் மகள் சேர்ந்திருக்கும் அமைப்பின் கடிதத் தலைப்பிலும் "பெண்கள் ஃப்ரட்டர்னிட்டி" என்றே இருக்கிறது. அப்புறம், இது பார்ட்டி நடத்துகிற கூட்டம் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன், வெளிப்படையாகச் சொல்கிறேன். மாதாமாதம் பணம் கட்டுகிறேன், அதற்கு என்ன தேர்தல், என்ன பதவி என்று யாரும் எனக்கு விளக்கியதில்லை.

மீனலோசனி

கார்த்திக், பெயர் விஷயம் சின்னது. சொரோரிட்டி என்ற சொல் 1882-ல்தான் வந்தது, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஃப்ராங்க் ஸ்மாலி காமா ஃபை பீட்டா என்ற பெண்கள் அமைப்புக்காகச் சொன்னது. அதற்கு முன்பே தொடங்கிய அமைப்புகள் ஃப்ரட்டர்னிட்டி என்றே பதிவாகிவிட்டன, அப்படியே இருக்கின்றன.

தேர்தல் விஷயம்தான் பெரியது. நான் இல்லினாய்ஸில் நூலகத்தில் வேலை பார்க்கிறேன், மான்மவுத் இங்கிருந்து தொலைவில்லை. அந்தச் சின்ன ஊர்க் கல்லூரியில் 1867 ஏப்ரல் 28-ம் தேதி பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கியதுதான் இன்றைய பை பீட்டா ஃபை. அப்போது பெயர் ஐ.சி. சொரோசிஸ். அவர்கள் கூடிய ஹோல்ட் ஹவுஸ் இன்றும் இருக்கிறது. அதே கல்லூரியில் 1870-ல் கப்பா கப்பா காமா.

இன்னொன்று, அதே 1870-ல் ஜனவரி 27, இண்டியானாவின் கிரீன்காஸில் நகரம். அங்கிருந்த இண்டியானா ஆஸ்பரி கல்லூரி (இன்றைய டிபாவ் பல்கலைக்கழகம்) பெண்களைச் சேர்க்க ஆரம்பித்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கணிதப் பேராசிரியரின் மகள் பெட்டி லாக் அங்கே படித்தார். ஃபை காமா டெல்டா என்ற ஆண்கள் ஃப்ரட்டர்னிட்டியின் பையன்கள் தங்கள் பேட்ஜை அணிந்துகொள்ளச் சொல்லி அவரிடம் கொடுத்தார்கள். முழு உறுப்பினராக எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார் அவர். முடியாது என்றார்கள். அப்படியானால் பேட்ஜும் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பதில் ஒரு வெள்ளிக் கேக் கூடை பரிசாக வந்தது! கூடையை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார். அதுதான் கப்பா ஆல்ஃபா தீட்டா. ஓட்டு இல்லாத பேட்ஜ் எனக்கு வேண்டாம் என்று ஒரு கல்லூரிப் பெண் சொன்னதைக் கவனியுங்கள். அமெரிக்கப் பெண்கள் எல்லாருக்கும் ஓட்டுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1920-ல். அதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே இந்தப் பெண்கள் தங்களுக்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்ந்தெடுத்து, கூட்டக் குறிப்பு எழுதி, தீர்மானம் போட்டு ஓட்டெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான இடங்களில் பெண்கள் ஓட்டுப் போடக்கூட முடியாத காலத்தில் கூட்டம் நடத்தப் பழகிய இடம் இது.

கப்பா கப்பா காமாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. முதலில் ஏதாவது ஒரு சாப்டருக்கு "கிராண்ட் சாப்டர்" என்று பெயர் கொடுத்து, மொத்த அமைப்பையும் அதுவே நடத்தும். ஒரு கல்லூரிப் பெண்கள் தங்கள் படிப்புக்கு நடுவில் மற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் கடிதம் எழுத வேண்டும். 1881-ல் அதை மாற்றி, கன்வென்ஷனில் (எல்லாச் சாப்டர்களும் கூடும் மாநாடு) தேர்ந்தெடுக்கப்படும் ஒரு கவுன்சில் என்று கொண்டுவந்தார்கள். முதல் கிராண்ட் பிரசிடெண்ட் டேட் ஹார்ட்சஃப் குன்ஸ். அடுத்த வருஷமே "கோல்டன் கீ" பத்திரிகை வந்தது, பெண்கள் ஃப்ரட்டர்னிட்டிகளில் வந்த முதல் பத்திரிகை. யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று தூரத்துச் சாப்டர் பெண்களுக்கும் தெரியவேண்டும் என்றால் அச்சில் போட்டுத்தானே ஆகவேண்டும்.

வாசுகி, உங்கள் பேச்சில் இதில் கொஞ்சமாவது சேருங்கள்.

தஞ்சை_ராகவன்

அம்மா, நான் தஞ்சாவூரிலிருந்து படிக்கிறேன். கமலா ஹாரிஸ் ஒரு சொரோரிட்டியில் இருந்தார் என்று தேர்தல் சமயத்தில் பேப்பரில் படித்தேன். அதுவும் இதுவும் ஒன்றா? பக்கத்து மாவட்டம்தான் துளசேந்திரபுரம், அவர் தாத்தா ஊர், அங்கே கோயிலில் பூஜையெல்லாம் செய்தார்கள்.

செல்வி_அட்லாண்டா

ராகவன் சார், ஒன்று இல்லை, ஆனால் உறவு உண்டு. கமலா சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்து அமைப்பு. அவர் அதே ஹோவர்டில் படிக்கும்போது 1986-ல் அதில் சேர்ந்தார். 2024 ஜூலையில் டாலஸில் நடந்த அவர்கள் மாநாட்டில் போய்ப் பேசினார், அந்த மாதத்திலேயே வேறு இரண்டு கறுப்பினச் சொரோரிட்டிகளின் மாநாட்டிலும் பேசினார். மீனலோசனி சொன்ன அமைப்புகள் வேறு வரிசை, அவை நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன, 1902-ல் உருவானது, இப்போது 26 அமைப்புகள்.

இரண்டு வரிசை ஏன் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மீனலோசனி எழுதிய வரலாறு அத்தனையும் உண்மைதான், ஆனால் அந்தக் கூட்டங்களின் கதவு கறுப்பினப் பெண்களுக்கு மிக நீண்ட காலம் சாத்தியே இருந்தது. அதனால்தான் அவர்கள் தனியாகத் தொடங்கினார்கள், அங்கே வந்த தலைவர்களைப் பாருங்கள். டெல்டா சிக்மா தீட்டா 1913 ஜனவரி 13-ல் இருபத்திரண்டு மாணவிகளோடு தொடங்கியது. இரண்டு மாதத்துக்குள், மார்ச் 3-ம் தேதி, வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலத்தில் போய் நடந்தார்கள். அதன் முதல் தேசியத் தலைவர் 1919-ல் சேடி அலெக்சாண்டர், 1921-ல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். பின்னாளில் 1947 முதல் 1956 வரை டோரதி ஹைட் தலைவர். அதற்கப்புறம் கறுப்பினப் பெண்களின் தேசியக் கவுன்சிலை நாற்பது வருஷம் நடத்தினார். மார்ட்டின் லூதர் கிங் பேசிய 1963 பேரணியில் மேடையில் இருந்த பெண்களில் ஒருவர் அவர். இப்படிப்பட்டவர்களை "சிரித்த முகம்" என்று யாராவது அறிமுகப்படுத்தியிருப்பார்களா?

வாசுகி, உங்கள் சாப்டரில் தேர்வானவர்கள் யார் யார், எல்லாரும் ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்தா வருகிறார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2013-ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்று தெரியும்தானே. நல்ல மதிப்பெண் வைத்திருந்த ஒரு கறுப்பினப் பெண்ணைச் சொரோரிட்டிகள் தள்ளிவிட்டன. மாணவர் பத்திரிகை 'கிரிம்சன் ஒயிட்' அதை வெளியே கொண்டுவந்தது. உள்ளே இருந்த மாணவிகள் பலர் அவரைச் சேர்க்கத் தயாராக இருந்தார்கள், தடுத்தது பழைய உறுப்பினர்களான ஆலோசகர்கள் என்று அவர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். அந்தச் செய்தி வெளிவந்த பிறகுதான் நிர்வாகம் இறங்கி வந்து சேர்க்கையை மறுபடி திறந்துவிட்டது, மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்வலமும் போனார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவள் ஒரு பெண், முடிவு எடுப்பது நாற்பது வருஷம் முன்னால் படித்து முடித்த இன்னொருத்தி என்றால், அந்தத் தேர்தலுக்கு என்ன மரியாதை?

வாசுகி_ஒஹையோ

செல்வி, நானும் ஆலோசகர்தான், அதனால் இந்தக் கேள்வியை நான் நேராகவே எடுத்துக்கொள்கிறேன். ஆலோசகருக்கு ஓட்டு கிடையாது, இருக்கவும் கூடாது. விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது, கணக்கு சரியா, யாருக்காவது ஆபத்தா, இந்த மூன்றில் பேசலாம். யாரைச் சேர்ப்பது என்பது அந்தப் பெண்களின் முடிவு. இதையும் மேடையிலேயே சொல்லப்போகிறேன், என்னையும் சேர்த்து, "நான் ஆலோசகர், எனக்கு ஓட்டு இல்லை" என்று. பெற்றோர் நடுவில் என்னைவிட வயதான பழைய உறுப்பினர்கள் பலர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களும் கேட்கட்டும்.

நிலா_டெக்சஸ்

நான் போன வருஷம்தான் படிப்பு முடித்தேன், சாப்டர் பிரசிடெண்டாக இருந்தவள். இரண்டு விஷயம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல் விஷயம், "தேர்தல்" எப்படி நடக்கிறது என்று பெற்றோர் யாருக்கும் தெரியாது. நேராக ஐந்து பேர் நின்று ஓட்டுக் கேட்பது போல இல்லை. முதலில் உறுப்பினர்கள் ஒரு நாமினேட்டிங் கமிட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள், பொதுவாக முதல் வருஷம் முதல் கடைசி வருஷம் வரை எல்லா வருஷத்திலிருந்தும் ஆள் இருக்கும். பொறுப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கணும், கமிட்டி நேர்காணல் வைக்கும். பிறகு அவர்கள் ஒரு ஸ்லேட் தயார் செய்வார்கள், அதாவது ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பெயர், மொத்தமாக ஒரு பட்டியல். அதை சாப்டர் கூட்டத்தில் வாசிப்பார்கள். அடுத்த கூட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுந்து வேறு பெயரை முன்மொழியலாம், "ஃப்ளோர் நாமினேஷன்" என்பார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் அந்தப் பட்டியல்தான். பெரும்பாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் கமிட்டியில் இருப்பவர்கள் கூடத்தானே ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கணும், முகத்தைப் பார்த்து "நீங்க தேர்ந்தெடுத்தது சரியில்ல"னு சொல்றது கஷ்டம்.

எனக்கு இந்த முறையில் பாதி ஒப்புதல். நல்லது என்னவென்றால், கூச்சப்படுகிற, கூட்டத்தில் பேசத் தெரியாத, ஆனால் கணக்கில் கில்லாடியான பெண் பொருளாளராக வருவது இதில்தான் நடக்கும், நேரடிப் போட்டி என்றால் பிரபலமானவள் ஜெயிப்பாள். கெட்டது, கமிட்டியில் ஒரே நட்பு வட்டம் உட்கார்ந்துவிட்டால் எல்லாப் பதவியும் அந்த வட்டத்துக்கே போய்விடும். அதனால் அறிமுகத்தில் "ஏகமனதாகத் தேர்வு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீங்க அக்கா. ஸ்லேட்டில் வந்தாரா, போட்டியிட்டு வந்தாரா, சொல்லுங்கள். ஃப்ளோரில் முன்மொழியப்பட்டு ஜெயித்தவள் ஒருத்தி இருந்தால் அதைப் பெருமையாகவே சொல்லலாம்.

இரண்டாவது, பிரசிடெண்ட் வேலை. மேடையில் நிற்பது அதில் ரொம்பக் கொஞ்சம். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று கதவைத் தட்டுவார்கள், அந்தச் சாப்டரில் ஆம்புலன்சைக் கூப்பிடு என்று சொல்லும் அதிகாரமும் பொறுப்பும் உங்களுக்குத்தான் என்று எல்லாரும் நினைப்பார்கள். (யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், கூப்பிடணும். இதை நான் முதல் கூட்டத்திலேயே மூன்று முறை சொன்னேன்.) பல்கலைக்கழகத்தின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் உங்கள் பெயருக்கு வரும். இப்போது ராகிங்குக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டமும் வந்துவிட்டது, 2024 டிசம்பரில் கையெழுத்தானது. விதி மீறியது என்று முடிவான அமைப்புகளின் பெயரைப் பல்கலைக்கழகம் பொதுவில் வெளியிட்டாக வேண்டும். புதிய உறுப்பினர்களைப் பழக்குவதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பாள் இல்லையா, பெற்றோர் பார்வையில் தலைவருக்கு அடுத்து முக்கியமானவள் அவள்தான். அவள் முகத்தை எல்லா அம்மாக்களும் தெரிந்துவைத்துக்கொள்ளணும். முதல் வருஷப் பெண்ணை யார் எங்கே எத்தனை மணிக்கு வரச்சொல்லலாம் என்பது அவள் கையில்.

கார்த்திக்_பிளேனோ

நிலா, இதை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பொறுப்பாளர் பெயர் என்ன என்று இன்று ராத்திரியே மகளிடம் கேட்கிறேன்.

மீனலோசனி

நிலா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், தேசிய அளவில். நிறைய அமைப்புகளில் கன்வென்ஷன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. சாப்டர்கள் தங்கள் பிரதிநிதியை அனுப்பும், தேசியக் கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கும். அங்கேயும் ஸ்லேட்தான். ஆனால் அங்கே தேர்வானவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பை பீட்டா ஃபையின் எம்மா ஹார்ப்பர் டர்னர். முன்பு கிராண்ட் பிரசிடெண்டாக இருந்தவர். அப்பலாச்சியன் மலையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்குவோம் என்று அவர் கொண்டுவந்த யோசனையை 1910 கன்வென்ஷன் ஏற்றுக்கொண்டது. 1912-ல் டென்னசியின் கேட்லின்பர்க்கில் பள்ளி திறந்தது. ரோடு சரியாக இல்லாத ஊர் அப்போது. பிள்ளைகளுக்குப் பாடம், பிறகு மருத்துவம், அங்கத்துப் பெண்களின் நெசவுக்குச் சந்தை என்று வளர்ந்து, இன்று அது ஏரோமான்ட் என்ற கைவினைக் கலைப் பள்ளியாக நிற்கிறது. ஒரு கூட்டத்தில் எடுத்த ஓட்டு நூறு வருஷம் தாண்டி வேலை செய்கிறது.

அதே அமைப்பில் பிராந்தியத் தலைவராகத் தேர்வாகி 1915-ல் பெர்க்லி கன்வென்ஷனுக்குப் போன இன்னொருவர், கிரேஸ் கூலிட்ஜ். சில வருஷத்தில் அவர் கணவர் ஜனாதிபதி. வெள்ளை மாளிகையில் இருக்கும் அவருடைய ஓவியத்தைப் பாருங்கள், சிவப்பு உடை, பக்கத்தில் வெள்ளை நாய், உடையில் அந்த ஃப்ரட்டர்னிட்டியின் அம்பு பேட்ஜ். ஓவியத்தைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள்தான். பெண்கள் ஓட்டுரிமை இயக்கத்தைக் கடைசிக் கட்டத்தில் நடத்திய கேரி சாப்மன் கேட்டும் கல்லூரியில் இதே அம்பு அணிந்தவர்.

வாசுகி_ஒஹையோ

எல்லாருக்கும் நன்றி. பொருளாளருக்கு எழுதியதைப் போடுகிறேன், இந்த மாதிரியில்தான் மற்றவர்களுக்கும் எழுதப்போகிறேன்:

"இவர் நம் புதிய பொருளாளர், மூன்றாம் வருஷம், கணக்கியல் படிக்கிறார். ஸ்லேட்டில் வேறு பெயர் இருந்தது, ஃப்ளோரில் முன்மொழியப்பட்டு ஓட்டில் வந்தவர். ஜனவரியிலிருந்து உங்கள் மகளுக்குப் பில் அனுப்புவது இவர். ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் முதலில் பேச வேண்டியதும் இவரிடம்தான், அது வேறு யார் காதுக்கும் போகாது. தவணைத் திட்டத்தை இவர் தனியாக மாற்ற முடியாது, நிதி ஆலோசகரும் கையெழுத்துப் போட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை முழு வரவுசெலவையும் உறுப்பினர்கள் முன்னால் வாசிப்பதாக விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்."

கடைசி வரிக்காகத்தான் அந்தப் பெண்ணுக்கு ஓட்டு விழுந்தது.

செல்வி_அட்லாண்டா

இது நன்றாக இருக்கிறது. உதவித்தொகை பற்றியும் ஒரு வரி சேருங்கள். சந்தா கட்ட முடியாமல் விலகுகிற பெண்கள் யார் என்று பார்த்தால், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நிறைய இருப்பார்கள்.

கார்த்திக்_பிளேனோ

இன்னும் ஒரு கேள்வி, வாசுகி அக்கா, நிலா, யாராவது சொல்லுங்கள். என் மகள் இரண்டாம் வருஷம். சமூக சேவைப் பொறுப்புக்கு விண்ணப்பம் போட்டாள், ஸ்லேட்டில் பெயர் வரவில்லை. ரெண்டு நாளாக சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அறைத்தோழி சொல்கிறாள். அப்பாவாக நான் என்ன சொல்வது?

நிலா_டெக்சஸ்

அங்கிள், முதல் தடவை எனக்கும் வரவில்லை. இரண்டு வழி இருக்கு. இன்னும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை என்றால் ஒரு தோழியை ஃப்ளோரில் முன்மொழியச் சொல்லலாம், அது அவளுடைய உரிமை, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை. ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது என்றால், ஜனவரியில் புதிய பொறுப்பாளர்கள் தங்களுக்குக் கீழே துணைப் பொறுப்புகளுக்கு ஆள் எடுப்பார்கள். நிதி திரட்டும் நிகழ்ச்சி, உள்ளூர்ப் பள்ளியில் வாசிப்பு வகுப்பு, நன்கொடைக் கணக்கு, இப்படிப் பிரித்துக் கொடுப்பார்கள். தேர்வான பெண்ணிடம் குளிர்கால விடுமுறைக்கு முன்னாடியே போய், எனக்கு இந்த வேலை வேணும் என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். "ஏதாவது இருந்தா சொல்லு"னு கேட்டால் ஒன்றும் கிடைக்காது. விண்ணப்பத்தில் எழுதின திட்டத்தையும் கையோடு கொடுக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு அது உதவும்.

கமிட்டியிடம் போய் என்ன குறை என்று கேட்கலாமா என்று அவள் யோசிப்பாள். நேர்காணலில் பேசியது ரகசியம், சொல்ல மாட்டார்கள். ஆலோசகரிடம் கேட்கலாம், அவர் அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்வார்.

வாசுகி_ஒஹையோ

நிலா சொன்னது சரி. கார்த்திக், ஆலோசகரிடம் உங்கள் மகளே பேசட்டும், நீங்கள் போன் பண்ண வேண்டாம். பெற்றோர் கூப்பிட்டால் எங்களால் உறுப்பினர் விஷயம் பேச முடியாது, அவளே கேட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம்.